தையல் மிஷினுக்குச் சனிக்கிழமைக் குளியல்

புதுப்பெண் புகுந்த வீட்டில் வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது "எனக்குத் தெரியும்" என்பதுதான். நான் எனக்குத் தைக்கத் தெரியும் என்று சொன்னேன். (தெரிந்ததெல்லாம் பாவாடைக்கு நாடா கோக்கவும், கிழிந்த ரவிக்கைக்கு ஒட்டுப்போடவும்தான்.) அதை நம்பி என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்.

இது நடந்தது அறுபதுகளில். தாராவியில் ஒரு தோல் பட்டறையில் அவர் பைகளுக்குத் தோல் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்ட நான், தைக்க நீ, சொந்தமாகவே தொழில் ஆரம்பித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். தாதரில் கடை வைத்திருந்த ஒரு சேட், திங்கட்கிழமை நேரில் வருவதாகவும், தன் கண்முன்னால் தைத்துக் காட்டினால் ஆர்டர் தருவதாகவும் சொல்லியிருந்தார். அது நடக்காவிட்டால் பழைய முதலாளியிடமே போய்த் தலையைச் சொறிய வேண்டும். அந்த முதலாளியோ, "எங்க போயிருவ, இங்கதான் வருவ" என்று சிரித்தபடி வழியனுப்பியவர்.

வெள்ளிக்கிழமை பழைய இரும்புக் கடையிலிருந்து கைவண்டியில் மிஷின் வந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். குதிரைச் சேணம் தைத்ததாம். அதை உள்ளே இறக்கி வைத்த பிறகு எங்கள் அறையில் மிஷினுக்கு இடம் இருந்தது, எங்களுக்குத்தான் இல்லை. அவர் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார். அசையவில்லை. நானும் சேர்ந்து தொங்கிப் பார்த்தேன். அடுத்த வீட்டு பாக்கியம் அக்காவும் வந்து ஒரு கை கொடுத்தாள். மூன்று பேரும் மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

"துரு ஏறிக் கெடக்கு" என்றார் அவர். டப்பாவில் வாங்கி வந்த மிஷின் எண்ணெயை ஊற்றினார். அது முழுவதையும் குடித்துவிட்டு அப்படியே நின்றது.

"எத்தன வருஷமா எண்ணெ காணாமக் கெடந்துச்சோ, உடம்பெல்லாம் சூடேறியிருக்கும்" என்றேன். "நாளைக்குச் சனிக்கிழமைலா. நல்லெண்ணெ தேச்சுக் குளிப்பாட்டிருவோம்."

"மிஷினயா?"

"எனக்குத் தெரியும். நீங்க சும்மா இருங்க."

பாக்கியம் அக்காவுக்குத்தான் ஒரு சந்தேகம். "சனிக்கெழம ஆம்பளையளுக்குலா. இது பொம்பளயா இருந்தா இன்னைக்கே ஊத்திரணும், வெள்ளிக்கெழமைதானே" என்றாள். நாங்கள் இருவரும் மிஷினைச் சுற்றி வந்து இதைப் பற்றி ஆலோசித்தோம். (விளையாட்டுக்கு இல்லை, உண்மையாகவேதான்.) இத்தனை முரண்டு பிடிப்பதால் ஆண்தான் என்று கடைசியில் முடிவாயிற்று. என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி, வடிகட்டி, மிஷினில் எங்கெல்லாம் துவாரம் தெரிந்ததோ அங்கெல்லாம் ஊற்றினேன். உச்சந்தலையில் கொஞ்சம் வைத்துச் சூடு பறக்கத் தேய்க்கவும் செய்தேன். மத்தியானம் அவர் சக்கரத்தில் கை வைத்தார். முனகிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றியது. பெல்ட்டை மாட்டி, தடித்த நூலைக் கோத்து, கழிவுத் தோல் ஒன்றைக் கொடுத்தார். பெடலை மிதித்தேன். ஊசி தோலுக்குள் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. சாயங்காலம்வரை தைத்துக்கொண்டே இருந்தேன். கோணல் நிமிர்ந்து தையல் நேராக வந்தது. நான் சொன்ன பொய் அன்றைக்குத்தான் முக்கால்வாசி உண்மையாயிற்று. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தாலி கட்டும்போதுகூட அப்படிப் பார்க்கவில்லை.

அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மிஷின் எல்லாப் பக்கமும் எண்ணெய் வழிய நின்றது. தோலில் பட்டால் கறையாகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு எதில் போகும்? திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தியிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது? சோறு வடித்த கஞ்சியில் சீயக்காய்த் தூளைக் கெட்டியாகக் கரைத்தேன். தலை, கழுத்து, அக்குள், துவாரம் ஒன்று விடாமல் அள்ளித் தேய்த்து, வெந்நீர் விட்டு அலசி, துண்டால் துவட்டினேன். ஞாயிறு முழுவதும் வாசல் வெயிலைப் பார்த்து நிறுத்திவைத்தோம். பொட்டு வைத்தோம். முதல் தையல் நல்ல நேரத்தில் சேட் முன்னால்தான் விழ வேண்டும் என்று ஓட்டிப் பார்க்கவும் இல்லை.

திங்கட்கிழமை சேட் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து எங்கள் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்தார். நான் பெடலில் கால் வைத்தேன். கொஞ்சம் கனத்தது. (பயத்தில் என் கால்தான் கனக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.) நாலு விரற்கடை அழகாகத் தைத்தது. பிறகு ஊசிக்கு அடியிலிருந்து பழுப்பாக ஏதோ நுரைத்து வந்து தோலில் பரவியது. பாபின் இருந்த இடத்திலிருந்து கூழ் இறங்கியது. கஞ்சியும் சீயக்காயும் இரும்புக்குள் உட்கார்ந்து நல்ல பசையாகியிருந்தன.

"பைய மிதி, பைய மிதி" என்றார் அவர்.

நான் இரண்டு காலையும் வைத்து ஏறி மிதித்தேன். பெல்ட் அறுந்து பறந்தது. அதில் ஒட்டியிருந்த சீயக்காய் முழுவதும் சேட்டின் வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தது.

சேட் ஒரு விரலால் அதை வழித்து முகர்ந்து பார்த்தார். "சிக்காக்காயி?" என்றார்.

எனக்குத் தெரிந்த இந்தியெல்லாம் அந்த நேரத்தில்தானா வர வேண்டும். "ஹாம் சேட்ஜி. சனிவார். தேல். மஷீன் நஹாயா" என்று, மிஷின் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த விஷயத்தை விளக்கினேன். வாசலில் நின்ற பாக்கியம் அக்கா, "நான் அன்னைக்கே சொன்னேம்லா, அது பொம்பளயாத்தான் இருக்கும்" என்றாள்.

நான் அடுப்பு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். செத்துப்போனால் தேவலை என்று இருந்தது. சேட் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் அந்த நாலு விரற்கடைத் தையலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். தையல் வாய் பிளக்கவில்லை. மறுபடி இழுத்தார். தையல் உறுதியாகத்தான் இருக்கிறது, அடுத்த திங்கள் வருகிறேன், அதுவரைக்கும் இதைக் குளிப்பாட்டாதீர்கள் என்று இந்தியில் சொல்லிவிட்டு, சட்டையை உதறிக்கொண்டு போனார்.

அவர் போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எதுக்கு அழுத?" என்றார் என் வீட்டுக்காரர். "நீ எண்ணெ ஊத்தலன்னா இந்தச் சவம் சுத்தியே இருக்காதுலா. எந்திரி. கழத்திப் பாப்போம்."

அந்த வாரம் எங்கள் வீட்டில் தட்டில் சோறில்லை. தட்டு, கிண்ணம், டம்ளர் எல்லாவற்றிலும் ஆணியும் திருகும்தான். சோறு சட்டியிலிருந்தே நேராக வாய்க்குப் போயிற்று. ரேஷன் மண்ணெண்ணெயில் ஒவ்வொன்றாகக் கழுவி, துணியால் துடைத்து, எது எங்கே போகிறது என்று இரண்டு பேரும் சண்டை போட்டு மாட்டினோம். மாட்டி முடித்தபோது இரண்டு திருகு மிஞ்சியது. (மிஷின் அதைக் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை.) அந்தச் சண்டையில்தான் அதன் உள்வயிறு எனக்கு மனப்பாடமாயிற்று. அதற்குப் பிறகு அது எத்தனையோ தடவை நின்றிருக்கிறது. ஒரு தடவைகூட மெக்கானிக்கைத் தேடி நான் போனதில்லை.

சொன்னபடி அடுத்த திங்கள் சேட் வந்தார், பழுப்புச் சட்டை போட்டுக்கொண்டு. பையைக் கடைசிவரை தைத்துக் கொடுத்தேன். உள்ளே மூக்கை விட்டு முகர்ந்து பார்த்துவிட்டு ஆர்டரைக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் பழைய முதலாளி வாசலை அப்புறம் மிதிக்கவே இல்லை.

அந்த மிஷின் தைத்துத்தான் எங்கள் மகளைச் செம்பூரில் கட்டிக்கொடுத்தோம். தலைதீபாவளிக்கு மருமகன் வந்து மணைப்பலகையில் உட்கார்ந்தார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நான் போனேன். மகள் முன்னாடியே எல்லாக் கதையும் சொல்லி வைத்திருக்கிறாள் போலிருக்கிறது. தலையைக் குனிந்தபடியே அவர் சொன்னார்:

"அத்தை, எண்ணெய் மட்டும் போதும். சீயக்காய் வேண்டாம். நான் இன்னும் ரொம்ப வருஷம் ஓடணும்."