ஐந்தரை காணாமல் போன நாள்

நிதானமானவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதற்கு முழுக் காரணம் என் முகம்தான். மூளைக்கு அதில் பங்கில்லை. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்த மூன்றாவது மாதம், அந்த முகத்தோடுதான் மாட்டிக்கொண்டேன். (பிரிவு என்றால் நான், ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன்.)

வெளிநாடு போகும் லேடீஸ் ஷூ பெட்டிகளுக்கு அளவு லேபிள் அச்சிடும் புரோகிராம் பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் இருந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். அதைப் படித்தால் தலைவலி வரும். எனக்கோ அப்போது பைத்தான் என்ற இன்னொரு மொழி மீது புதுக்காதல். மாற்றி எழுதுவதற்கான காரணங்களைப் பட்டியல் போட்டு மேனேஜரிடம் நீட்டினேன்: படிக்க எளிது, வரிகள் குறைவு, பிழை வராது. கடைசிக் காரணத்துக்கு அடிக்கோடு வேறு.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு கன்டெய்னர் கிளம்பணும்மா. கப்பல விட்டோம்னா உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல."

"பிரச்சினையே வராது சார்."

இரண்டே நாளில் மாற்றி எழுதி, லேபிள்களை அச்சிட்டுக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை பேக்கிங் சூப்பர்வைசர் ஃபாத்திமா அக்கா இடுப்பில் கைவைத்தபடி வந்து நின்றார்.

"இன்னா மேடம், அஞ்சரை லேபிள் ஒண்ணுகூட காணோம்? அஞ்சு மட்டும் ஜாஸ்தியா இருக்குது?"

உடனே புரோகிராமைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். நான் சொன்னது இது: "நீங்கதான் மாத்தி ஒட்டியிருப்பீங்க அக்கா. கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது." மிக நிதானமாக.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து பேக்கிங் ஹாலுக்கு இழுத்துப் போனார்.

"உன் கால் சைஸ் இன்னா?" ('மேடம்' என்ற சொல் போய்விட்டதைக் கவனிக்கவும்.)

"அஞ்சு."

ஐந்து என்று லேபிள் ஒட்டிய ஒரு பெட்டியைத் திறந்து, ஹீல்ஸ் வைத்த ஷூவை என் முன்னால் வைத்தார். "போட்டு நட."

நாற்பது பெண்கள் கைவேலையை நிறுத்தினார்கள். நடந்தேன். மூன்றாவது அடியில் கால் முன்னே போனது. ஷூ வர மறுத்தது. நான் பெட்டிக் குவியல் மேல் சாய, குவியல் என் மேல் சாய்ந்தது.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதாம்டீ!" என்று யாரோ கத்த, ஹாலே அதிர்ந்தது. முகத்தை மட்டும் நான் மாற்றவில்லை. தலையில் ஒரு பெட்டி மூடி இருந்தது.

ஓடிப்போய்ப் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். பழைய ஆள் அரை எண் தொல்லை வேண்டாமென்று எல்லா அளவையும் இரட்டித்துப் பதிந்து வைத்திருந்தார். ஐந்தரை (அந்த ஆர்டரில் இருந்த ஒரே அரை அளவு) அங்கே பதினொன்று. லேபிளில் அதை இரண்டால் வகுத்துப் போட வேண்டும். பெர்ல் ஒழுங்காக ஐந்தரை என்று சொல்லும். அந்தக் காலத்துப் பைத்தான், முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் அரையைத் தூக்கி எறிந்துவிட்டு ஐந்து என்று சொல்லும். நான் சோதித்ததெல்லாம் முழு அளவுகள். வகுக்கும் இரண்டை இரண்டு புள்ளி பூஜ்யம் என்று மாற்ற ஒரு நிமிடம் ஆயிற்று. ஒட்டிய லேபிள்களைப் பிய்த்துப் புதிதாக ஒட்ட ஐந்து மணி நேரம்.

"நகத்தால சுரண்டுங்கடீ! மேடம், நீயும் குந்து," என்றார் அக்கா. குந்தினேன். சாப்பாட்டு மணி அடித்தும் ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசிப் பெட்டி வண்டியேறியது. மேனேஜர் எட்டிப் பார்த்து, "இவ இன்னா பண்றா இங்க?" என்றார்.

"பேக்கிங் கத்துக்க வந்துச்சு சார். நல்லா கத்துக்கிச்சு," என்றார் அக்கா.

ரகசியம் என் கல்யாணம் வரைதான் தாங்கியது. பந்தியில் என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா, பிரியாணி முடிவதற்குள் எல்லாவற்றையும் நடித்தே காட்டிவிட்டார். அன்றிலிருந்து யாராவது அரை தோசை போதும் என்றால், "அவகிட்ட அரை கேக்காதீங்க, வெறும் தட்டுதான் வரும்," என்பார் என் கணவர்.

நேற்று மகளிடம் அரை மணி நேரம் படி என்றேன். "முடிஞ்சிடுச்சும்மா," என்று புத்தகத்தை மூடிவிட்டாள். முகம் மட்டும் மிக நிதானமாக இருந்தது.