மாமனார் துப்பாக்கியின் போல்ட்

இந்த வருஷம் பெண்டாட்டியை எல்க் மான் சுட விடுவதில்லை என்று லைல் சபதம் எடுத்திருந்தான். வருஷா வருஷம் வெர்னா சுடுவாள். அவன் கறியை முதுகில் சுமந்து மலை இறங்குவான். மொன்டானாவில் அவர்கள் ஊர்க் காபிக் கடையில் அவனுக்கு 'வெர்னாவின் கழுதை' என்றே பெயர். மானம் கப்பலேறிவிட்டது.

அவள் துப்பாக்கி செத்துப்போன அவள் அப்பாவுடையது. அதில் ஒரு கோளாறு. சுட்டால் தோட்டாவின் அடியிலுள்ள ப்ரைமரில் ஊசி குத்திய குழி மட்டும்தான் விழவேண்டும். இதில் குழியைச் சுற்றி உதடு போல ஒரு விளிம்பும் எழும்பியது.

சுட்ட தோட்டாக்களின் காலிக் குப்பிகளை லைல் சமையல் மேஜையில் கவிழ்த்து நிறுத்தினான். எல்லாம் வாயைக் குவித்து எதையோ சொல்ல வந்தன.

"பாத்தியா? உங்கப்பா ஆவி. துப்பாக்கிய தொடாதங்கிறாரு."

"அவர் உயிரோட இருந்தப்பவே இவ்வளவு பேசினதில்ல. தோட்டாவுல வெடிமருந்தைக் குறைச்சும் பாத்துட்டேன், அதேதான். போல்ட்டுல ஊசி வர்ற ஓட்டை பெருசாயிருக்கு, லைல். துப்பாக்கி ரிப்பேர் ஆர்லோகிட்ட குடுத்தா அதை அடைச்சு, ஊசிக்கு ஏத்த மாதிரி துளை போட்டுடுவாரு."

"ஆர்லோகிட்ட வேலை குவிஞ்சு கிடக்கு. சீசனுக்குள்ள வராது. போல்ட்ட நான் பத்திரமா வைக்கிறேன்."

"நீ சொன்னா சரிதான்."

கல்யாணமான நாளாக அவள் அப்படிச் சொன்னதே இல்லை. அப்போதே அவன் பயந்திருக்கவேண்டும்.

போல்ட் இல்லாமல் துப்பாக்கி சுடாது. அதைக் கறிக்காகிதத்தில் சுற்றி, மேலே 'ஈரல்' என்று எழுதி, ஃப்ரீசரின் அடியில் புதைத்தான். ஈரல் வாசனையே வெர்னாவுக்கு ஆகாது.

வேட்டை சீசனுக்கு முந்தின சாயங்காலம். வெளியே பனி. வெர்னா குதிரைகளுக்குத் தீனி வைக்கப் போயிருந்தாள். பின்னறையில், பூட்டிக் கிடந்த மாமனார் அறையில், 'ளக்... ளக்' என்றது. போல்ட்டை இழுத்து மூடும் சத்தம். பெண் கேட்கப் போன அன்று மாமனார் பதிலுக்கு எழுப்பிய அதே சத்தம்.

லைல் ஃப்ரீசருக்கு ஓடினான். பொட்டலம் வைத்த இடத்திலேயே இருந்தது. பிரித்தான். உள்ளே நிஜ ஈரல்.

திரும்பினான். பின்னறைக் கதவு இப்போது திறந்திருந்தது. அரை இருட்டில் மாமனார் நாற்காலி, அதில் மாமனார் தொப்பி, மடியில் துப்பாக்கி.

"மாமா... ஒளிச்சது நான்தான். மன்னிச்சிடுங்க."

தொப்பி நிமிர்ந்தது. கீழே வெர்னாவின் முகம்.

"மன்னிச்சிட்டாராம்."

"நீ எப்படி...?"

"நான் ஈரலை மலையிலயே விட்டுட்டு வர்றவ. நம்ம ஃப்ரீசர்ல ஈரல் எங்கேருந்து வரும்? இது பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கினது."

அவன் உள்ளங்கையில் ஒரு சுட்ட குப்பியை வைத்தாள். ப்ரைமரில் சுத்தமான குழி, உதடு இல்லை.

"ஆர்லோ உடனே முடிச்சுக் குடுத்துட்டாரு. உன் துப்பாக்கியிலயும் லேசா விளிம்பு தெரிஞ்சுது, லைல். அந்த போல்ட்டையும் அவர்கிட்டயே விட்டிருக்கேன். நீதான் சொன்னியே, சீசனுக்குள்ள வராது."

பிறகு அவன் சுமைப்பையை எடுத்து நீட்டினாள். தோள்வாரில் புதுசாகப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தாள்.