சம்பந்தியின் கனிவான கவனத்திற்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். எல்லாரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். என் மகள் உங்கள் வீட்டில் நலமாக இருக்கிறாள் என்று நானே உங்களுக்கு எழுதினால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். என் மனைவி நலம். இப்போதெல்லாம் கொஞ்சம் சத்தமாகவே நலம். நான் மட்டும் நலமில்லை. காரணம் நீங்கள்.

நாலு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்குத் தபாலில் கடிதம் எழுதுகிறானே, இந்த மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டதா என்று நினைக்க வேண்டாம். போன் செய்தால் எடுக்கிறீர்கள், ஆனால் எடுத்தவர் வாயைத் திறப்பதில்லை. நான் மட்டும் ‘ஹலோ, ஹலோ’ என்று தொண்டை வறளக் கத்திவிட்டு வைத்துவிடுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நம் பேத்திக்குப் பிறந்தநாள். இந்தப் பக்கம் ஒரு தாத்தா, அந்தப் பக்கம் ஒரு தாத்தா நின்றால்தான் கேக்கை வெட்டுவேன் என்று அந்தக் குட்டிச் சர்வாதிகாரி உத்தரவு போட்டிருக்கிறாள். முகம் கொடுத்துப் பேசாத இரண்டு கிழவர்கள் ஒரு கேக்குக்கு இரண்டு பக்கமும் கல்தூண் மாதிரி நின்றால் போட்டோ எப்படி இருக்கும்? ஆகவே குடியிருப்போர் விழாவில் நடந்தது என்ன என்பதை என் தரப்பிலிருந்து சொல்லிவிடுகிறேன். ஆயுள் முழுக்க அச்சகத்தில் பிழை திருத்தியவர் நீங்கள். தயவுசெய்து சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுப் படியுங்கள்.

நான் பாட்டுக்குச் சிவனே என்று மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பந்தலுக்குள் நலவாழ்வு அமைப்புகள் வரிசையாக மேசை போட்டிருந்தன. இரத்த அழுத்தம் பார்ப்பவர்கள், புகைப்பழக்கத்தை விட உதவுபவர்கள், மூட்டுவலிக்குப் பயிற்சி சொல்பவர்கள், தூக்கம் வராதவர்களுக்கு ஆலோசனை சொல்பவர்கள், துக்கத்தில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசுபவர்கள், காது பரிசோதிப்பவர்கள், இன்னும் யார் யாரோ. ஆனால் ஒரு ஈ காக்கை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஊரே ராட்டினத்தடியிலும் ஐஸ்கிரீம் வண்டியடியிலும் நின்றது. சங்கச் செயலாளர் வேர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடிவந்து, என் முகத்துக்கு நேராகக் குனிந்து கத்தினார்: “சார், மைக்ல பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு! இப்படியே போனா இவங்க யாரும் அடுத்த வருஷம் நம்ம ஏரியாப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டாங்க. நீங்க பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பாளரா இருந்தவராச்சே, ரெண்டு வார்த்தை பேசி விடுங்க சார்!”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஓய்வுபெற்ற நாளிலிருந்து என்னை ஒருவரும் பேசச் சொன்னதில்லை, வீட்டில் பேசாதிருக்கச் சொன்னவர்கள்தான் உண்டு. மைக்கைக் கையில் பிடித்ததும் உடம்பே சிலிர்த்தது. ஆனால் சம்பந்தி, முப்பது வருஷம் ஒரே வாக்கியத்தைச் சொன்ன வாய்க்கு வேறு வாக்கியம் வருமா? “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் வண்டி தானாக ஓடியது. “இரத்த அழுத்தம் செல்லும் பயணிகள் முதலாம் நடைமேடைக்கு வரவும். வழி, உயரம், எடை, சர்க்கரை. மூட்டுவலி இரண்டாம் நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது. தூக்கமின்மை சற்றுக் காலதாமதமாகப் புறப்படும்.” கடைசியாகச் சொன்னது சத்தியமான உண்மை. அந்த மேசைக்காரர் அசந்து தூங்கிவிட்டு அப்போதுதான் வேர்க்க விறுவிறுக்க ஆட்டோவில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சிரித்துக்கொண்டே பந்தலுக்குள் வந்தது. சிறிது நேரத்தில் எள் போட்டால் எண்ணெயாகும் அளவுக்கு நெரிசல். அங்கேதான் சனி என் நாக்கில் ஏறி உட்கார்ந்தது. வந்தவர்களுக்கு எண் எழுதிய சீட்டு கொடுத்து, எண்ணை மட்டும் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். எண்ணைக் கூப்பிட்டால் எந்தப் பயணி எழுந்து வருவான்? தொலைந்துபோனவர்களை அடையாளம் சொல்லிக் கூப்பிட்டே பழகியவன் நான். “கோடு போட்ட சட்டை அணிந்து கையில் குடையுடன் நிற்கும் பெரியவர் மூலநோய் ஆலோசனைக்கு உடனடியாக வரவும். தங்கள் இருக்கை தயாராக உள்ளது” என்றேன். அன்று மேகமூட்டம். மைதானத்தில் குடை வைத்திருந்த அத்தனை ஆண்களும் குடையைச் சட்டென்று பக்கத்திலிருந்த மனைவி கையில் திணித்ததை நான் மேடையிலிருந்து பார்த்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். விதி யாரை விட்டது? “மருந்துக்கடைக்காரரைப் புகைப்பழக்கத்தை விட உதவும் குழுவினர் தேடுகிறார்கள்” என்று அறிவித்தேன். மருந்துக்கடைக்காரர் புகை பிடிப்பது அந்தக் குழுவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவர் பக்கத்திலேயே நின்ற அவர் மனைவிக்குத் தெரியாது. அந்த அம்மா அவர் சட்டைப் பையில் கைவிட்டதைத்தான் பார்த்தேன், மீதியைப் பார்க்க மனம் வரவில்லை. தையல்கடை அம்மாவையும் கூப்பிட்டேன். கணவர் போனதிலிருந்து யாரிடமும் பேசாத மனுஷி, துக்கம் பகிரும் மேசைக்குக் கிட்டே வருவதும் திரும்பிப் போவதுமாக இருந்தார். நான் கூப்பிட்டதும் பந்தலே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் முகம் சுருங்கிப்போனது. ஆனால் அவர் தெருப் பெண்கள் நாலைந்து பேர் விறுவிறுவென்று வந்து அவரை அணைத்தாற்போல அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். விழா முடியும்வரை எழுந்திருக்கவே இல்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு அந்த மேசையை நடத்தும் பெண்மணி நேராக என்னிடம் வந்தார். கையை ஆட்டி ஆட்டி நிறைய பேசினார். ராட்டினச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. மேலும் இந்தக் காலத்தில் யாரும் வாயைத் திறந்து தெளிவாகப் பேசுவதில்லை, எல்லாம் முணுமுணுப்பு. முகம் சிவந்திருந்தது, உணர்ச்சிவசப்பட்டிருந்தார் போல. “நன்றிம்மா, எல்லாம் முப்பது வருஷ அனுபவம்” என்று கும்பிட்டேன். அவரும் தலையில் கையை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காது பரிசோதனை வரிசையில் முன்னால் பழுப்பு ஸ்வெட்டர் போட்டு ஒருவர் நின்றார். பார்த்தால் நீங்கள்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சம்பந்திக்குக் காது மந்தமா, நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று வருத்தமாகவும் இருந்தது. மற்றவர்களைப் போல ஸ்வெட்டர் அடையாளம் சொல்லி உங்களை அழைப்பது மரியாதையா? அதனால், “என் அருமை மகளின் மாமனாரும் என் மதிப்பிற்குரிய சம்பந்தியுமான பெரியவர் காது பரிசோதனைக்கு வரவும்” என்று முழு மரியாதையோடு அழைத்தேன். நீங்கள் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றீர்கள். பாவம், காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் உரக்க அழைத்தேன். அப்போதும் வரவில்லை. மூன்றாம் தடவை ஒலிபெருக்கியின் குமிழை நானே முழுக்கத் திருகிவிட்டேன். அது வீறிட்ட வீறலில் மரத்துக் காக்கைகள் மொத்தமாகப் பறந்தன, ராட்டினக்காரர் பயந்துபோய் ராட்டினத்தையே நிறுத்திவிட்டார். மைதானத்தில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது, யாருக்குக் கேட்க வேண்டுமோ அவரைத் தவிர. அப்போதுதான் நீங்கள் என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தூக்கி, வாயைப் பெரிதாகத் திறந்து என்னவோ கத்தி, என்னை நோக்கி விரலை நீட்டினீர்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. உங்களைப் பார்த்து ஊர் சிரிக்கும்படி ஆகிவிட்டதே என்று நான் வெட்கித் தலைகுனிந்தேன். நிமிர்ந்தபோது நீங்கள் இல்லை.

அன்றோடு சரி. மாலையில் நாம் வழக்கமாக உட்காரும் மைதானத்துப் பெஞ்சில் நான் தனியாக உட்கார்ந்துவிட்டு எழுந்து வருகிறேன். ரொட்டிக்கடை வாசலில் உங்களைப் பார்த்து வணக்கம் சொன்னேன், நீங்கள் பதிலுக்கு உதட்டை மட்டும் லேசாக அசைத்தீர்கள். என் மகள் வந்திருந்தாள், தன் காதைத் தொட்டுத் தொட்டு என்னவோ விளக்கினாள். உங்கள் காது விஷயத்தில் நான் செய்தது தப்பு என்கிறாள் என்று புரிந்துகொண்டு, “சரிம்மா, கடிதம் எழுதி மன்னிப்பு கேட்டுடறேன்” என்றேன். அவள் என் மனைவியைப் பார்த்தாள், என் மனைவி கூரையைப் பார்த்தாள்.

மன்னிப்பு கேட்கிறேன் சம்பந்தி. கூடவே, வயதில் ஒரு வருஷம் மூத்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. காது மந்தமாவது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. கண்ணுக்குக் கண்ணாடி போடவில்லையா, பல்லுக்குப் பல்செட் கட்டவில்லையா? நமக்குக் கேட்கவில்லை என்பது நமக்குத்தான் கடைசியில் தெரியும். அதுவரை ஊரெல்லாம் முணுமுணுக்கிறது என்று ஊர்மேல் பழி போடுவோம். டிவியை அலற விடுவோம். வீட்டில் இருப்பவர்கள் நமக்காகக் கத்திக் கத்தியே ஓய்ந்துபோவார்கள். சம்பந்தி அம்மா உங்களோடு என்ன பாடுபடுகிறாரோ என்று நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. அவருக்காகவாவது வீறாப்பை விட்டுவிட்டு உங்கள் காதை ஒரு முறை காட்டிவிடுங்கள்.

ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த ஊரில் எனக்கு அறிமுகமானவர்கள் ஆயிரம் பேர், என் குரலைத் தெரிந்தவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். உட்கார்ந்து பேச இருப்பது நீங்கள் ஒருவர்தான். நீங்கள் இல்லாமல் அந்தப் பெஞ்சு பாதி காலியாக இருக்கவில்லை, முழுசாகவே காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேத்திக்காகவாவது பக்கத்தில் நில்லுங்கள். பேச வேண்டாம், நின்றால் போதும்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். பேத்திக்கு எத்தனை முத்தம் வேண்டுமானாலும் என் கணக்கில் கொடுத்துவிடவும். எல்லாரும் நோய்நொடியில்லாமல், முக்கியமாகக் காது நன்றாகக் கேட்டு, நீடு வாழ வேண்டும்.

என்றும் தங்கள் அன்பை நாடும்,
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் என் மனைவி இதை வாங்கிப் படித்துவிட்டாள். முதலில் உட்கார்ந்து சிரித்தாள், அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அப்புறம் என் எதிரே வந்து நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“அந்த வரிசையில சம்பந்தி நின்னது அவருக்காக இல்ல, உங்களுக்காக! நீங்களா வர மாட்டீங்கன்னு உங்க பேருக்கு அவரு இடம் பிடிச்சு நின்னாரு. நீங்க கூப்பிட்ட மொத தடவையே, ‘எனக்கில்ல, அதோ மைக் பிடிச்சிட்டு நிக்கிறாரே, அவருக்கு!’ன்னு கத்தினாரு. மூணாவது தடவை கையை நீட்டிக் காட்டினப்பதான் ஊரே சிரிச்சிச்சு.”

“அப்ப போன்ல ஏன் பேசலை?”

“அவரு பேசினாரு. உங்களுக்குக் கேக்கலை. நேத்து நம்ம வாசல்ல நின்னு கூப்பிட்டாரு. நீங்க முதுகைக் காட்டிக்கிட்டு செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தீங்க. ஊரு முன்னாடி காட்டிக் கொடுத்ததுல என் மேல கோபமோன்னு மனசு உடைஞ்சு திரும்பிப் போயிட்டாராம். சம்பந்தி அம்மா இப்பத்தான் போன்ல சொல்லி அழுதாங்க.”

“காது விஷயத்தை நீயாவது சொல்லியிருக்கலாமே?”

“விழா முடிஞ்சதுல இருந்து சொல்லிக்கிட்டுத்தாங்க இருக்கேன்!”

ஆகவே சம்பந்தி, சிவப்புப் பேனாவைத் திறந்துகொள்ளவும். மேலே ‘உங்கள் காது’ என்று வரும் இடங்களிலெல்லாம் ‘என் காது’ என்று திருத்திக்கொள்ளவும். ‘சம்பந்தி அம்மா உங்களோடு’ என்பதை ‘என் மனைவி என்னோடு’ என்று மாற்றவும். அறிவுரையில் மாற்றம் ஏதும் இல்லை, விலாசம் மட்டும் மாறுகிறது.

நீங்கள் பிடித்து வைத்த இடம் வீணாகவில்லையாம். வியாழக்கிழமை காலை அந்தக் காது பரிசோதனைக்காரர்கள் தங்கள் அலுவலகத்துக்கே என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து நீங்களும் கூட வந்து என் பக்கத்தில் உட்காரவும். என் முறை வந்து கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. தோளில் ஒரு தட்டு தட்டினால் போதும். மைக் வேண்டாம்.