பெரிய துறையும் என் குடையும்

துரைமாருக்கு நான் ஒருநாளும் பயந்ததில்லை என்று பலபேரிடம் அளந்து விட்டிருக்கிறேன். சுத்தப் பொய். இல்லாத துரைக்கே குடை மடக்கியவள் நான்.

1950களின் கடைசி. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்திலே பிறந்து, அடித்துப் பிடித்து ஆசிரியப் பயிற்சிக்குப் போயிருந்தேன். கூடப் படித்தவர்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். முதுகுக்குப் பின்னால் என்னைத் 'தோட்டக்காடு' என்பார்கள் (முன்னாலும்தான்). மாதோட்டத்துக்குச் சுற்றுலா என்றதும் சபதமே போட்டேன்: அந்த ஒரு நாளாவது யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. இரவல் செருப்பு, புதுக் குடை.

மன்னாருக்குப் பக்கத்தில் மாதோட்டம், ஒரு காலத்தில் கப்பல்கள் அடைத்து நின்ற பட்டினமாம். காலையிலிருந்து நடந்து நாங்கள் கண்டதெல்லாம் முள்ளும் மணல்மேடும்தான். முன்னால் போன மாஸ்டர் திடீரென்று கையை நீட்டினார்.

"அங்கை பாருங்கோ, பெரிய துறை!"

என் காதில் விழுந்தது 'பெரிய தொரை'.

தோட்டத்தை ஆளும் பெரிய துரை எதிரே வந்தால் குடையை மடக்கி, செருப்பைக் கழற்றி, தண்ணீர் ஓடும் பாதையோரக் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். மூளைக்குச் செய்தி போவதற்குள் மூன்றையும் செய்து முடித்திருந்தேன். "சலாங்க தொரை" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். எதிரே நின்றது ஒரு கழுதை.

ஒருத்தி சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தோட்டக்காட்டுப் பழக்கம் போகுமே?"

கான் என்று நினைத்து நான் இறங்கிய பள்ளத்தில் ஏதோ காலைக் குத்தியது. குனிந்து எடுத்தால், நீலப் பூச்சுப் போட்ட ஓட்டுத் துண்டு. மாஸ்டர் பாய்ந்து வந்தார். "பாரசீகத்துச் சாடி! உரோமர், அரபுக்காரர், சீனர், எல்லாரும் வந்து இறங்கின துறை பிள்ளை இது."

அழுகை முட்டியது. ஆனால் கோபம் முந்திக்கொண்டது.

"எங்க பாட்டனும் இந்தியாவுலயிருந்து தோட்ட வேலைக்கு வந்து இந்த மன்னார்க் கரையிலதாங்க மாஸ்டர் எறங்குனாரு. இங்கயிருந்து மலைவரைக்கும் காட்டுவழியா நடந்தே வந்தாங்க. பாரசீகத்துக்காரவுங்க ஒடச்சுப் போட்ட சட்டி சரித்திரம், நாங்க மட்டும் தோட்டக்காடா? எங்களையும் சேர்த்து எழுதிக்கங்க!"

சிரிப்பு நின்றது. மாஸ்டர் எழுதினாரோ என்னவோ. நான் குடையை விரித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டேன் (இரவல் செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது).

லீவுக்குத் தோட்டத்துக்கு வந்தபோது, மழையில் அப்பாவோடு போகையில் பெரிய துரையின் ஜீப் எதிரே வந்தது. அவர் நினைத்தால் எங்கள் லயத்து அறையே பறிபோகும். அப்பா கானுக்குள் இறங்கிவிட்டார்.

"ஏ புள்ள! தொரை வாராரு, குடைய மடக்கு!"

குடைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். மடக்கவில்லை.

"எந்தத் தொறைங்கப்பா? கப்பலையே காணோமே."

ஜீப் என் மேல் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. அப்பா ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் லயம் பூராவும் அவரே அதைச் சொல்லித் திரிந்தார்.

இப்போதும் யாராவது அதிகாரத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றால், என் மகள் உள்ளே பார்த்துக் கத்துவாள்: "அம்மா, கப்பல் வந்திருக்கு! குடைய விரி!"