பதினான்காம் டப்பாவும் மாமாவின் முழங்காலும்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகளின் வணக்கம். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அத்தையும் சௌக்கியமாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் முழங்காலை விசாரிக்கவே இதை எழுதுகிறேன். போலீஸ்காரர்கள் விசாரிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்று வண்டலில் இயற்கையாகவே எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று அளப்பதுதான் என் ஆய்வு. மொத்தம் இருபது இடங்கள். பதினான்காவது இடம் உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆற்று வளைவு என்பதால், "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நீ எதுக்கும்மா அலையறே" என்று நீங்களே அந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டீர்கள். ஒரு வாரத்தில் மண் வந்தது. பின்னாலேயே போனும் வந்தது: "இடுப்பளவு சேத்துல எறங்கினேம்மா. வழுக்கிருச்சு. முட்டி போச்சு." அன்று நாற்காலியில் உட்கார்ந்த நீங்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அத்தையின் கையில் தைலமும் இன்னும் காயவில்லை.

அந்த மண்ணை உலர்த்தி, இடித்து, சலித்து, டப்பாவில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி நாலு வாரம் வைத்தேன். மண்ணுக்குள்ளிருந்து ஒரு வாயு கசிந்து ஓடப் பார்க்கும். அதை ஓடவிடாமல் அடைத்துவைத்தால்தான் கணக்குச் சரியாக வரும். தினமும் போன் செய்து, "மண்ணுக்கு எதுக்கு ஒரு மாசம் ரெஸ்ட்டு? எனக்கே டாக்டர் மூணு நாள்தான் சொன்னாரு" என்று கேட்டீர்கள். அந்த மூன்று நாளை நான் அப்போதே குறித்துவைத்திருக்க வேண்டும். பிறகு டப்பாவை ஈயக் கூட்டுக்குள் வைத்து அளந்தால், யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மூன்றும் மூன்றாம் இடத்து மண்ணோடு அச்சு அசலாகப் பொருந்துகின்றன. மூன்றாம் இடம் உங்கள் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர். கூடப் பிறந்த உங்களுக்கும் அம்மாவுக்கும்கூட இவ்வளவு ஒற்றுமை கிடையாது.

என் கைடு இரண்டு இடத்து அளவுத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு திங்கக்கெழமைக்குள்ள சொல்லு. இல்லேன்னா ஆய்வேட்டை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கு யோசிக்கவே தேவை இருக்கவில்லை. மாடியறை கட்ட உங்கள் வாசலில் ஒரு மணல் குவியல் கிடக்கிறது. அது மூன்றாம் இடத்திலிருந்து லாரியில் வந்ததாகத்தான் இருக்கும். நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி ஒரு வாளி அள்ளியிருக்கிறீர்கள். பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். உங்கள் பொய்க்கு வீங்கிய முழங்காலே இருக்கிறது. அத்தைக்கும் நியாயம் தெரியட்டும் என்று இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் படம் பிடித்து அவர் போனுக்கும் அனுப்புகிறேன்.

மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், முழங்கால் நீங்கலாக. பெரியவர்களாக லட்சணமாக எங்களை ஆசீர்வதியுங்கள்.

இப்படிக்கு,
உங்களை இத்தனை நாள் நம்பிய
அக்கா மகள்

பி.கு.: உறையை ஒட்டித் தபாலில் சேர்க்கச் சொல்லி மண் அள்ள என்னை இடம் இடமாகக் கூட்டிப்போன ஜீப் டிரைவர் அண்ணனிடம் கொடுத்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு உறையைத் திருப்பிக் கொடுத்தார். "மூணாவது எடத்துல நீங்க எங்கம்மா ஆத்துல எறங்குனீங்க? கரை வழுக்குதுன்னு, மேல கொட்டிக் கெடந்த குவியல்லதானே அள்ளுனீங்க. அது கரைச்சுவர் கட்ட வந்த மணல். உங்க மாமா வீட்டுக்குப் பின்னால இருக்கற வளைவுலேருந்து லாரி லாரியா வந்துச்சுன்னு மேஸ்திரி சொன்னாரே. நீங்க ஜீப்புக்குள்ள ஏறி புஸ்தகம் படிச்சிட்டிருந்தீங்க."

ஆகவே மாமா, உங்கள் டப்பா உத்தமமானது. கைடு தேடும் பொய் நான்தான். நாளைக்கே போய் முறையாக இறங்கி அள்ளினாலும் அந்த மண் நாலு வாரம் மூடிக் கிடக்க வேண்டும். எனக்கு அடுத்த வருஷம்தான். மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாகப் பாவித்து மன்னியுங்கள். அத்தைக்கு அனுப்பிய படங்களையாவது அழித்துவிடலாம் என்று போனை எடுத்தேன். அதற்குள் பதில் வந்திருந்தது:

"படிச்சேன். தைலத்த எடுத்து உள்ள வெச்சாச்சு. உங்க மாமாவத் துணி காயப்போட மாடிக்கு அனுப்பிருக்கேன். நல்லாத்தான் ஏறுறாரு."