பீரோவுக்குள் மானிட்டர்

பூட்டுப் பிரியர்கள் என்றொரு இனம் உண்டு. தெருக்கோடி வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார்கள். இழுத்தது போதாதென்று தொங்கியும் பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு இந்த இனம் அருகிவிடும் என்றா நினைத்தீர்கள்? பெருகிவிட்டது ஐயா!

எங்கள் புதுச்சேரி கன்னியப்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். மிஷன் வீதியில் டிராவல்ஸ் வைத்திருக்கிறார். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்களுக்குப் பாரிஸ் டிக்கெட் போடுவது, பென்ஷன் பாரம் நிரப்புவது எல்லாம் அவர்தான். ஆகவே பாதி ஊரின் பாஸ்போர்ட்டும் பேங்க் கணக்கும் அவர் கம்ப்யூட்டரில். அந்தப் பொறுப்பு மனிதரைப் படுத்தி எடுத்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கடை மூடும்போது ஒரு தடவை, ராத்திரி மூடும்போது ஒரு தடவை, கனத்த மானிட்டரைக் கழற்றி, கைக்குழந்தையைப்போல் அணைத்துத் தூக்கி, இரும்பு பீரோவில் வைத்து, மூன்று பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமமும் மானிட்டருக்கு மட்டும்தான். மேஜைக்கடியில் கிடந்த சிபியூ? அதன்மேல் கால் வைத்துக்கொள்வார். விவரமெல்லாம் எதில் தெரிகிறதோ அதில்தானே இருக்கும்?

போன மாதம் அந்தக் கால்பெட்டி சூடாகிறது என்று புதுசு வாங்கிப் போட்டுவிட்டு, பழசை அப்படியே ஞாயிற்றுக்கிழமை நடைபாதைச் சந்தையில் தள்ளிவிட்டார். பழைய பைல் ஒன்றையும் காணோமே என்று கேட்டவர்களிடம், மானிட்டருக்கு இன்னும் புதுப்பெட்டி பழகவில்லை, கொஞ்ச நாளில் காட்டும் என்றார்.

அடுத்த வாரம், அவர் மதியத்துக்குப் பூட்டி முடித்த நேரம் பார்த்து, லிலியான் அம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த புருஷனின் பென்ஷன்தான் அந்த அம்மாளுக்குச் சோறு. லாஸ்பேட்டையிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் போன் போட்டு, இந்த அம்மாளுடைய பாஸ்போர்ட் நம்பர், பேங்க் கணக்கு எல்லாவற்றையும் ஒப்பித்தாராம். சந்தையில் வாங்கிய பெட்டிக்குள் இருந்ததாம். அவர் நல்ல மனிதர், கூப்பிட்டுச் சொன்னார். அதற்குமுன் அந்தப் பெட்டி எத்தனை கை மாறியதோ!

“கன்னியப்பா, என் பென்ஷன எவனாவது எடுத்துடுவானாப்பா?”

கன்னியப்பன் பதறவேயில்லை. நிதானமாக மூன்று பூட்டையும் திறந்து, கதவை அகல விரித்துக் காட்டினார்.

“நீங்களே பாருங்க மதாம். ஒரு கீறல்கூட இல்ல. எல்லாம் உள்ளதான் இருக்குது. அந்த ஆளு புளுவுறான்.”

அந்த அம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லிப் பேங்குக்கு ஓடினார். கன்னியப்பன் நாலாவது பூட்டு வாங்க ஓடினார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். பழைய செல்போனைக் கடையில் கொடுத்துப் புதுசு வாங்கினீர்களே, அதில் சேர்த்துவைத்த மெசேஜ், பெண்சாதி பிள்ளைகளின் போட்டோ, ‘ஏடிஎம் அண்ணன்’ என்று பெயர் கொடுத்துப் பதிந்த ரகசிய நம்பர், எல்லாவற்றையும் அழித்துவிட்டா கொடுத்தீர்கள்? மேலே போட்டிருந்த தோல் உறையை மட்டும் மறக்காமல் கழற்றிக்கொண்டு வந்தீர்கள்.