மூன்று தாளுக்கு இஸ்திரி

எங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டியைத் தொடும் உரிமை எனக்குக் கிடையாது. கல்யாணமாகி வந்த முதல் வாரமே என் மனைவி போட்ட சட்டம் அது. இன்றுவரை அதில் ஒரு திருத்தமும் வரவில்லை. பேரப் பிள்ளைகள்கூட நோட்டு கசங்கிப்போனால், "தாத்தா கண்ணுல படாம வை, தேய்ச்சுடுவாரு" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். தப்பு அவர்கள்மேல் இல்லை. நான் ஒரு காலத்தில் செய்த காரியம் அப்படிப்பட்டது.

அறுபதுகளின் தொடக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசாங்க ஆபீசில் புதிதாகக் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வயது இருபத்து மூன்று. கஞ்சி போட்ட இரண்டு வெள்ளைச் சட்டைகளும், உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணமும்தான் அப்போது என் சொத்து. சட்டையாவது வாரம் ஒரு தடவை வெளுப்புக்குப் போகும்.

அந்தச் சமயத்தில்தான் ராஜமாணிக்கம் வாத்தியார் ஆபீசுக்கு வந்தார். சின்ன வயதில் அம்மை போட்டுக் கண் போனவர். வெளியூரில் பார்வையற்றோர் பள்ளியில் படித்துவிட்டுத் திரும்பி, ஒரு வீட்டின் பின்கட்டுக் கொட்டகையில் சங்கம் ஒன்று நடத்திவந்தார். கண் தெரியாதவர்கள் எட்டுப் பேருக்கு அங்கே நாற்காலிக்குப் பிரம்பு பின்னவும், விரலால் தடவிப் படிக்கிற பிரெயில் எழுத்தும் சொல்லிக்கொடுத்தார். மனு எழுத ஆள் வேண்டும் என்று என் மேஜைக்கு நேராக வந்து நின்றார்.

"எனக்கு எழுதத் தெரியும் சார். ஆனா நான் எழுதுறத ஒங்க ஆபீசுல யாருக்கும் படிக்கத் தெரியாது. அதான் ஒங்ககிட்ட வந்தேன்" என்றார்.

எனக்குப் பிடித்துவிட்டது. நான் எழுதிக்கொடுத்த மனு அவருக்கும் பிடித்துவிட்டது. அடுத்த வாரமே என்னைச் சங்கத்தின் இணைச் செயலாளர் ஆக்கினார். (செயலாளர் என்று யாரும் இல்லை. யாரோடு இணைந்தேன் என்று நானும் கேட்கவில்லை.) உடனே கடைத்தெருவுக்குப் போய் அந்தப் பதவிக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டேன். சங்கத்துக்கு நான் செய்த முதல் தொண்டு அதுதான்.

மூன்று மாதம் போனது. கொட்டகைக்காரர் தை மாதம் மகளுக்குக் கல்யாணம், இடத்தைக் காலி செய்துகொடுங்கள் என்று சொல்லிவிட்டார். வேறு இடம் கிடைக்காவிட்டால் எட்டுப் பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அந்த எட்டுப் பேரில் ஒருவர் பாக்கியம். தேவனாம்பட்டினத்துப் பெண்மணி. நாற்பது வயது இருக்கும். மீன் விற்றுக்கொண்டிருந்தவருக்கு ஐந்து வருஷம் முன்னால் பார்வை போய்விட்டது. அதிலிருந்து தம்பி வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தவரை வாத்தியார்தான் தேடிப் போய்க் கூட்டிவந்தார். எட்டே மாதத்தில் பிரெயில் படிக்கக் கற்றுக்கொண்டார்.

"தம்பி ஊட்ல சோறு போட்டாங்க, கொற சொல்லக் கூடாது. ஆனா நாலு வருசம் எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல. இதையும் மூடிட்டாங்கன்னா நான் திரும்பியும் அந்த மூலைக்குத்தான் போவணும்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அன்றைக்குத்தான் ரப்பர் ஸ்டாம்பைத் தவிர வேறு ஏதாவது செய்யவேண்டும் என்று முதல்முறையாகத் தோன்றியது.

சிதம்பரம் தெற்கு வீதியில் கலியபெருமாள் என்று ஒரு ரைஸ்மில் முதலாளி இருந்தார். மஞ்சக்குப்பத்தில் அவருக்கு ஒரு பழைய வீடு பூட்டிக் கிடந்தது. அவருக்கு மனு எழுதினேன். பதில் வந்தது. கண் தெரியாதவர் படிப்பதைத் தன் கண்ணால் பார்த்தால்தான் வீடு என்று எழுதியிருந்தார். அதற்குக் காரணம் உண்டு. முந்தின வருஷம் திருவிழாவுக்கு வந்த ஒரு வித்தைக்காரன் கண்ணைக் கட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்காட்டி அவரிடம் பட்டு வேட்டி வாங்கிப்போனானாம். மறுநாள் அவன் விட்டுப்போன துணியை எடுத்துப் பார்த்தால் நடுவில் பொத்தல்.

பாக்கியம்தான் படித்துக்காட்டுவது என்று முடிவாயிற்று. வாத்தியார் எளிய வார்த்தைகளாகப் போட்டு மூன்று தாளில் எழுதினார். கொட்டகை ஒழுகும் என்பதால் கிளம்புவதற்கு முதல்நாள் சாயங்காலம் அதை என்னிடம் கொடுத்தார்.

"பத்திரம் சார். பாக்கியத்துக்கு இன்னும் காட்டல. அங்க போயிதான் அது மொதல்ல தொடணும். அப்பதான் படிப்பு. இல்லேன்னா ஒப்பிக்கிறதுன்னு ஆயிடும்."

ஐப்பசி மாதம். சைக்கிளில் வீட்டுக்குப் போவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டுதான் போனேன். இருந்தாலும் ஈரமாகி, ஓரமெல்லாம் அப்பளம்போலச் சுருண்டுவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முரட்டுத் தாள். ஒரு பக்கம் குழி குழியாக இருந்தது. மறுபக்கம் முழுக்கச் சொரசொரவென்று மேடு. இதைக் கொண்டுபோய் ஒரு பெரிய மனிதர் முன்னால் எப்படி வைப்பது?

இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. வாத்தியார் எழுதுவதைப் பலநாள் பார்த்திருக்கிறேன். தாளை ஒரு தகட்டுச் சட்டத்தில் செருகி, ஊசியால் டொக் டொக் என்று குத்துவார். ஆகவே குத்தின குழிதான் எழுத்து, பின்பக்கத்து மேடு வெறும் பிசிறு என்று நானாகவே முடிவுகட்டி வைத்திருந்தேன். உண்மை நேர் எதிர். மேடுதான் எழுத்து. தாளைத் திருப்பிவைத்து அந்த மேட்டைத்தான் விரலால் படிப்பார்கள். மூன்று மாதத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாரிடமாவது கேட்டிருக்கலாம். இணைச் செயலாளர் கேட்கலாமா?

நேராகக் கோவிந்தனின் இஸ்திரிக் கடைக்குப் போனேன். என் இரண்டு சட்டைகளையும் காப்பாற்றி வந்தவர் அவர்தான். தாளை வாங்கித் தடவிப் பார்த்தார்.

"சார், மேடு மேடா கீதே. இது இப்டியேதான் இருக்கணுமோ இன்னாவோ."

"உனக்கு இதெல்லாம் தெரியாது கோவிந்தா. நல்லா அமுக்கித் தேய்."

(இஸ்திரிக்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. இதைப் படிக்கும் நீங்கள் இரண்டு முறை சிரித்துக்கொள்ளலாம்.)

அவர் வாய் நிறையத் தண்ணீரை வைத்து, புஸ்ஸென்று ஊதித் தெளித்து, கரிப்பெட்டியால் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்தார். மூன்று தாளும் தட்டையாக, புத்தம் புதிதாக ஆகிவிட்டன. எனக்கு அப்படி ஒரு திருப்தி. ஃபைலில் வைத்து நாடா போட்டுக் கட்டினேன்.

மறுநாள் காலை முதுநகர் ஸ்டேஷனில் வாத்தியார், பாக்கியம், நான் மூவரும் பாசஞ்சர் வண்டி ஏறினோம். பிளாட்பாரத்திலேயே பாக்கியத்தின் முதுகில் கைவைத்து நான் முன்னால் தள்ளிக்கொண்டு போக, அவர் சட்டென்று நின்றுவிட்டார்.

"என்னாத்துக்கு என்ன மாடு ஓட்றாப்ல ஓட்ற? நீ முன்ன போ தம்பி. ஒன் முழங்கைய நான் புடிச்சிக்கிறேன்."

அதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பரங்கிப்பேட்டை தாண்டியதும், "எழுந்திருங்க, சிதம்பரம் வந்துடுச்சு" என்று அறிவித்தேன். "இப்பதான் வெள்ளாத்துப் பாலம் போவுது, சத்தம் கேக்கல? இன்னும் கிள்ளை வரணும், குந்து" என்றார் பாக்கியம். உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கையை நீட்டினார். "எனக்குப் பயமா கீது. அந்தக் காயிதத்த ஒரு தபா தொட்டுப் பாக்கட்டுமா? படிக்க மாட்டேன்."

"கூடாது, கசங்கிடும்" என்று ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"சார் சொல்றதும் சரிதான். ஜாஸ்தி தடவினா புள்ளி மழுங்கிடும்" என்றார் வாத்தியார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் சொன்னதில் ஒரு சேதி இருந்தது. அது என் காதில் ஏறவில்லை.

முதலாளி வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். மில் கணக்குப்பிள்ளை முதல் எதிர்வீட்டுக்காரர்கள்வரை எல்லோரும் வந்திருந்தார்கள். பாக்கியத்தை நடுவில் உட்காரவைத்து, நான் நாடாவை அவிழ்த்து, மூன்று தாளையும் அவர் மடியில் வைத்தேன். மூன்றும் பளபளவென்று இருந்தன.

பாக்கியம் விரலை வைத்தார். இடமிருந்து வலம் தடவினார். திரும்பவும் மேலிருந்து தொடங்கினார். தாளைத் திருப்பினார். அடுத்த தாளை எடுத்தார். கூடத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"வாத்தியாரே, எழுத்து இல்ல" என்றார் மெதுவாக.

வாத்தியார் வாங்கித் தடவினார். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். "சார், இந்தத் தாள என்னா செஞ்சீங்க?"

"நனைஞ்சிடுச்சு. அதனால... இஸ்திரி போட்டேன்."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்தான்."

முதலாளி எழுந்துவிட்டார். "நல்லா கீதுய்யா கதெ. வெறும் பேப்பர மடியில வச்சிக்கிட்டு இஸ்திரி போட்டுட்டோம், எழுத்து ஓடிப்போச்சுன்றீங்க. அந்தப் பொத்தல் துணிக்காரனே தேவல. வண்டிக்கு நேரமாச்சு, கெளம்புங்க."

பாக்கியம் தாள்களைத் திரும்ப வாங்கி, அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அவர் போகவேண்டிய அந்த மூலை என் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

வாத்தியார் மட்டும் அசையவில்லை. "மொதலாளி, ஒரு வார்த்தை. இந்தம்மா நெனச்சிருந்தா வாய்க்கு வந்தத சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஒங்களுக்குத் தெரியவா போவுது? எழுத்து இல்லேன்னு சபையில சொல்லுச்சு பாருங்க. படிக்கத் தெரிஞ்சவங்கதான் அப்படிச் சொல்ல முடியும்."

முதலாளி வாசல் பக்கம் வைத்த காலை நிறுத்தினார்.

"எங்கிட்ட சட்டமும் ஊசியும் கீது. புதுத் தாளும் கீது. இந்தம்மாவ கொல்லைப்பக்கம் அனுப்புங்க. நீங்க வாயால சொல்லுங்க, நான் எழுதறேன். அப்புறம் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்க."

முதலாளியின் சம்சாரம் பாக்கியத்தைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். வாத்தியார் எழுதியிருந்தது எளிய வார்த்தைகள். பாக்கியம் படிப்பது எட்டு மாதப் படிப்பு. இந்த மனுஷன் என்ன சொல்லப்போகிறாரோ!

முதலாளி சுற்றிலும் பார்த்தார். கடைசியில் அவர் பார்வை என்மேல் வந்து நின்றது. சொல்ல ஆரம்பித்தார். நிறுத்தாமல் சொன்னார். வாத்தியார் ஊசி டொக் டொக்கென்று தொடர்ந்து போனது. கூடமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாக்கியத்தைக் கூட்டிவந்தார்கள். விரலை வைத்தார். இந்தத் தடவை விரல் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது.

"கட... லூருலேர்ந்து... ஒருத்தரு... வந்தாரு. சட்டையும்... மடிப்பு... வேட்டியும்... மடிப்பு." முகம் நிமிர்ந்தது. குரல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. மீன் ஏலத்தில் கேட்கும் குரல் வந்துவிட்டது. "கண்ணு தெரியாதவங்க எழுதினத, கண்ணு தெரிஞ்ச இந்த மனுசன் தேய்ச்சி அழிச்சிட்டாரு. எங்க வண்டி மாடுகூடத் தெரியாத புல்ல மோந்து பாத்துட்டுதான் வாய் வைக்கும். இவரு ஒரு வார்த்த கேக்கல. இவரு ஒரு வடிகட்டின..."

அங்கே நின்றுவிட்டார். விரல் அடுத்த வார்த்தைமேல் போனது, வந்தது, திரும்பப் போனது. ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. தெரியவில்லையா? வாத்தியார் உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் ஊரில் இருக்கிற சாமிகள் அத்தனையையும் கூப்பிட்டு, அந்த வார்த்தையை அவர் எப்படியாவது படித்துவிட வேண்டுமென்று வேண்டினேன். தன்னைத் திட்டும் வார்த்தைக்காக இப்படி வேண்டிக்கொண்டவன் தென்னாற்காடு ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

"என்னாம்மா, எழுத்து தெரியலியா?" என்றார் முதலாளி.

"தெரியுது மொதலாளி. சபையில சொல்லலாமான்னுதான் யோசிக்கிறேன்."

கூடம் வெடித்தது. முதலாளி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லும்மா, அதுக்குத்தான எழுதச் சொன்னேன்!" என்றார். பாக்கியம் சொன்னார். கணீரென்று சொன்னார். (அந்த வார்த்தை உங்களுக்கே தெரியும்.) கிளம்பும்போது மஞ்சக்குப்பத்து வீட்டின் சாவியை அவர் கையில் வைத்து விரலை மூடிவிட்டார் முதலாளி. வண்டி கடலூர் வரும்வரை பாக்கியம் அந்தக் கையைத் திறக்கவில்லை.

சங்கம் புது வீட்டுக்குப் போனது. முதலாளி சொல்லி எழுதின அந்தத் தாளை வாத்தியார் கிழித்துப் போடுவார் என்று காத்திருந்தேன். அவரோ அதைப் பாடமாக்கிவிட்டார். யார் வந்து சேர்ந்தாலும் எழுத்துக் கற்று முடித்ததும் முதலில் படிக்கவேண்டியது அந்தத் தாள்தான். புள்ளி தேய்ந்தால் புதிதாக எழுதிவைப்பார்கள். என் கல்யாணத்துக்குச் சங்கத்து எட்டுப் பேரும் சேர்ந்து வந்து, ஆளுக்கொரு கை பிடித்து, ஒரு கரி இஸ்திரிப் பெட்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஏன் என்று கேட்ட என் மனைவிக்கு முழுக் கதையையும் பாக்கியம் மேடையிலேயே சொன்னார். நான் முதலில் சொன்ன சட்டம் பிறந்தது அப்படித்தான்.

வாத்தியாரும் பாக்கியமும் இன்றில்லை. சங்கம் அதே வீட்டில்தான் இருக்கிறது. போன வருஷம் என் கண்ணைச் சோதித்த டாக்டர், இனி நாளாக நாளாகப் பார்வை குறைந்துகொண்டுதான் போகும் என்றார். இரண்டு நாள் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் பாக்கியத்தை நினைத்துக்கொண்டு எழுந்து, சங்கத்துக்குப் போய் மாணவனாகச் சேர்ந்தேன். எழுத்து முடிக்க எனக்குப் பத்து மாதம் ஆயிற்று.

போன வாரம் சங்கத்து டீச்சரம்மா என் முன்னால் ஒரு தாளை வைத்தார். விரலை வைத்தேன். கடலூரிலிருந்து ஒருத்தர் வந்தார். சட்டையும் மடிப்பு, வேட்டியும் மடிப்பு. திக்கித் திணறிக் கடைசி வரிக்கு வந்து, கடைசி வார்த்தையில் நின்றுவிட்டேன்.

"என்ன சார், எழுத்து தெரியலையா?"

"தெரியுதும்மா. சபையில சொல்லலாமான்னுதான் யோசிக்கிறேன்."